குழந்தைகளின் தசை விறைப்பு: எந்தச் சிகிச்சை, எப்போது, எதற்காக?

தசை விறைப்புள்ள குழந்தையின் பெற்றோருக்கு ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். ஒருவர் போடாக்ஸ் ஊசி போடச் சொல்வார். இன்னொருவர் மூட்டைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போதும் என்பார். மூன்றாமவர் முதுகில் ஓர் அறுவை சிகிச்சை செய்தால் குழந்தை நடந்துவிடும் என்பார். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரிந்த ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைக்கும் உங்கள் குழந்தைக்கும் சிக்கல் ஒன்றேதானா என்பதுதான் கேள்வி.

அதனால் இந்த வழிகாட்டியைச் சிகிச்சைகளின் பெயர்களிலிருந்து தொடங்கவில்லை. விறைப்பு குறைந்த பிறகு குழந்தைக்கு எது முடிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தச் சிகிச்சை என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். இங்கே வரும் மருந்துகள் எதையும் நீங்களாகத் தொடங்கவோ, கூட்டவோ, நிறுத்தவோ கூடாது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முதலில்: விறைப்பா, சுருக்கமா?

ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால் அது பதிலுக்குச் சுருங்கும். இது தண்டுவடம் செய்யும் அனிச்சைச் செயல். மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதைகள் இந்த அனிச்சையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். மூளையிலோ தண்டுவடத்திலோ அந்தப் பாதை சேதமானால் கட்டுப்பாடு தளர்ந்து, வேகமாக இழுக்கும்போதெல்லாம் தசை அளவுக்கு மீறி எதிர்க்கும். இதைத்தான் மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறார்கள்.

குழந்தைகளில் இதற்கு முதன்மையான காரணம் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம். குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு கால்களும் விறைப்பது அடிக்கடி காணும் வடிவம். தலைக்காயம், மூளைக்காய்ச்சல், தண்டுவடப் பாதிப்பு, சில பரம்பரை நோய்கள் ஆகியவற்றாலும் வரும்.

விறைப்போடு இன்னொன்றும் சேர்ந்து வளரும். எலும்பு நீளும் அளவுக்கு, பாதிக்கப்பட்ட தசை நீள்வதில்லை. சில ஆண்டுகளில் தசையே குட்டையாகி மூட்டு முழுதாக நீளாமல் போகும். இது சுருக்கம். விறைப்பு நரம்பின் பிரச்சினை, சுருக்கம் தசையின் பிரச்சினை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் மருந்தும் ஊசியும் முதலாவதற்கு மட்டுமே வேலை செய்யும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. குழந்தையைப் படுக்கவைத்து, முழங்காலை நீட்டி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்குவார்கள். எவ்வளவு வருகிறது என்று கோணத்தை அளப்பார்கள். பிறகு அதே அசைவை வேகமாகச் செய்வார்கள். இப்போது பாதம் பாதி வழியிலேயே ‘டக்’கென்று பிடித்து நிற்கும். சில குழந்தைகளுக்கு அந்த இடத்தில் பாதம் படபடவென்று துடிக்கவும் செய்யும். மெதுவாக மடக்கியபோது கிடைத்த கோணத்துக்கும் வேகமாகச் செய்தபோது பிடித்த கோணத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் விறைப்பு அதிகம், அதைக் குறைக்க இடமிருக்கிறது. மெதுவாக மடக்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால் தசையே சுருங்கிவிட்டது, அங்கே ஊசி போட்டுப் பெரிய பயன் இல்லை. டார்டியூ அளவுகோல் என்ற இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். இதைச் செய்து பார்க்காமலே ஊசிக்குத் தேதி குறித்தால், ஏன் செய்யவில்லை என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 1: காரணம் உறுதியாகட்டும்

இறுக்கமாக இருக்கும் கால் எல்லாம் ஸ்பாஸ்டிசிட்டி அல்ல. டிஸ்டோனியா என்று ஒன்று உண்டு. அதில் இறுக்கம் நேரத்துக்கு நேரம் மாறும். குழந்தை எதையாவது எடுக்க முயன்றாலோ, அழுதாலோ, உற்சாகமானாலோ உடல் முறுக்கிக்கொள்ளும், தூங்கும்போது தளர்ந்துவிடும். பல குழந்தைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இதைக் கண்டுகொள்ளாமல் செய்யும் அறுவை சிகிச்சை ஏமாற்றத்தில் முடியலாம்.

பிறப்பில் எந்தச் சிக்கலும் இல்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இயல்பாக இருக்கிறது, ஆனாலும் செரிப்ரல் பால்சி என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். காலையில் ஓரளவு நன்றாக நடந்து, மாலையில் கால் முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கு டோபாவுக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியாவாக இருக்கலாம். அரிதான நோய்தான், ஆனால் குறைந்த அளவு லெவோடோபா மருந்திலேயே வியக்கத்தக்க முன்னேற்றம் தரும். கற்றுக்கொண்ட திறன்களைக் குழந்தை இழந்துகொண்டே வந்தாலும், விறைப்பு புதிதாக வந்தாலும், சிறுநீர் மலக் கட்டுப்பாடு மாறினாலும் நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். செரிப்ரல் பால்சியில் மூளைச் சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகாது.

படி 2: இலக்கை எழுதுங்கள்

‘டைட் குறைய வேண்டும்’ என்பது இலக்கு ஆகாது. ‘டயபர் மாற்றும்போது தொடைகள் விரிய வேண்டும்’, ‘குதிகால் தரையில் பதிய நிற்க வேண்டும்’, ‘இரவில் வலியில் எழாமல் தூங்க வேண்டும்’, ‘வலது கையால் டம்ளரைப் பிடிக்க வேண்டும்’ என்பவை இலக்குகள். மூன்று மாதம் கழித்து ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

இதற்கு உதவும் ஓர் அளவுகோல் 1997 முதல் புழக்கத்தில் உள்ள ஜி.எம்.எஃப்.சி.எஸ். இது குழந்தையின் அசைவுத் திறனை 5 நிலைகளாகப் பிரிக்கிறது. நிலை 1 குழந்தை தடையின்றி நடக்கும், ஓட்டத்திலும் வேகத்திலும் மட்டும் பின்தங்கும். நிலை 3 குழந்தை கையில் பிடிக்கும் ஊன்றுகோல், வாக்கர் போன்றவற்றோடு நடக்கும். நிலை 5 குழந்தைக்குத் தலை நிற்பதே சிரமம். நிலை 2இல் உள்ள குழந்தைக்கு நடை சீராவது இலக்கு என்றால், நிலை 5இல் வலியில்லாமல் உட்காருவதும் இடுப்பு மூட்டு நழுவாமல் இருப்பதும் பராமரிப்பு எளிதாவதும் இலக்கு. உங்கள் குழந்தை எந்த நிலை என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற குழந்தைகளின் கதைகளை அளந்து பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை.

விறைப்பு எப்போதும் எதிரி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தசை பலம் குறைந்த சில குழந்தைகள் அந்த விறைப்பை ஊன்றித்தான் நிற்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கால் துவண்டு, நின்றுகொண்டிருந்த குழந்தை நிற்க முடியாமல் போகும். எதைக் குறைப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்று கணக்குப் போடாமல் மருந்து கூட்டுவது நல்லதல்ல.

படி 3: விறைப்பைத் தூண்டுவது எது என்று பாருங்கள்

நேற்றுவரை சரியாக இருந்த குழந்தை இன்று கட்டையாக விறைத்தால் மருந்துச் சீட்டைத் தேடும் முன் உடலைத் தேடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, நெஞ்செரிச்சல், நகம் சதைக்குள் வளர்வது, ஸ்ப்ளின்ட் உரசிய புண், காய்ச்சல், குளிர், பயம் ஆகிய எல்லாமே விறைப்பைக் கூட்டும். பேச முடியாத குழந்தையின் வலி பலமுறை விறைப்பாகத்தான் வெளியே வரும். நிலை 4, 5 குழந்தைகளில் இடுப்பு எலும்பு நழுவும் வலியும் இப்படித் தெரியலாம். வளர்ச்சி வேகமெடுக்கும் காலங்களில் எலும்பு நீண்டு தசை பின்தங்குவதால் இறுக்கம் கூடியதுபோல் தெரிவதும் உண்டு.

படி 4: பயிற்சி, ஸ்ப்ளின்ட், மாவுக்கட்டு

மற்ற எல்லாச் சிகிச்சைக்கும் அடித்தளம் இதுதான். ஆனால் பிசியோதெரபி என்ற பெயரில் நடப்பது எல்லாம் ஒன்றல்ல. சிகிச்சையாளர் கையால் காலை இழுத்துவிட்டு, குழந்தை வெறுமனே படுத்திருக்கும் பயிற்சியால் கிடைக்கும் நீடித்த பலன் குறைவு. குழந்தை தானே முயன்று செய்யும், ஒரு குறிப்பிட்ட வேலையை இலக்காக வைத்த பயிற்சிக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. படி ஏற வேண்டுமா, படியிலேயே பயிற்சி. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமா, நாற்காலியிலிருந்தே பயிற்சி. ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டு வைத்து மற்ற கையை வேலை வாங்கும் முறையும், இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் விளையாட்டுகளும் நன்றாகவே பயன் தருகின்றன. விறைத்த தசைக்குப் பலப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்ற பழைய பயம் வேண்டாம். விறைத்த தசை பெரும்பாலும் பலவீனமான தசையும்கூட.

தசையை நீட்டி வைக்க நிமிடக் கணக்கு போதாது, மணிக் கணக்கு வேண்டும். அதற்குத்தான் ஸ்ப்ளின்ட், நிற்க வைக்கும் சட்டம், சரியான உட்காரும் நிலை எல்லாம். கணுக்காலுக்குப் போடும் ஸ்ப்ளின்டான ஏ.எஃப்.ஓ. பல வகை. அசையாதது, கணுக்காலில் கீல் உள்ளது, முழங்கால் மடங்கிப்போவதைத் தடுப்பது என்று. எது என்பது நடையைப் பார்த்து முடிவாக வேண்டும்.

அதைப் போடுவதிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. ஸ்ப்ளின்டைவிட நீளமான, சுருக்கம் விழாத காலுறையை முதலில் போடுங்கள். குழந்தையின் முழங்காலை மடக்குங்கள், கணுக்கால் இளகும். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி அடிவரை பதியவையுங்கள். கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குங்கள், மேல்பட்டை அப்புறம். குதிகால் பதியாமல் போட்ட ஸ்ப்ளின்ட் காலைத் திருத்தாது, புண்ணைத்தான் தரும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையவில்லை என்றால் செய்தவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். குழந்தை வளர்வதால் ஒரே ஸ்ப்ளின்ட் ஆண்டுக் கணக்கில் ஓடாது.

கணுக்கால் சற்றுச் சுருங்கத் தொடங்கிவிட்டால் தொடர் மாவுக்கட்டு நல்ல வழி. காலைச் சிரமமில்லாமல் வரும் கோணத்தில் வைத்துக் கட்டி, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, இன்னும் கொஞ்சம் மடக்கி மறுபடி கட்டுவார்கள். சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டுப் போட்ட கால் விரல்கள் வெளுத்தாலோ, நீலமானாலோ, குழந்தை அடங்காமல் அழுதாலோ அன்றே பிரிக்க வேண்டும்.

படி 5: வாயால் கொடுக்கும் மருந்துகள்

உடல் முழுதும் விறைப்பு இருக்கும்போது இவை. ஒரு கணுக்காலுக்காக உடம்பு முழுவதையும் மந்தமாக்கும் மருந்து கொடுப்பது வீண்.

பேக்லோஃபென்தான் அதிகம் கொடுக்கப்படுவது. தண்டுவடத்தில் மிகையான சைகைகளை அடக்கும். வாயால் கொடுக்கும்போது நரம்பு மண்டலத்துக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதனால் பலன் போதும் அளவுக்கு ஏற்றும்போதே தூக்கமும் சோர்வும் வந்துவிடும். சிறிய அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். இதைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பு, காய்ச்சல், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். வாந்தியால் மருந்து தங்காமல் இரண்டு வேளை போய்விட்டால்கூட மருத்துவரை அழையுங்கள். பயணத்தின்போது கைவசம் கூடுதல் மருந்து இருக்கட்டும்.

டயாஸெபாம் இரவில் சிறிய அளவில் கொடுத்தால் தசைப்பிடிப்பால் கெடும் தூக்கத்துக்கு நன்றாக உதவும். நீண்ட காலம் கொடுத்தால் உடல் பழகிப்போகும், எச்சில் ஒழுகுவதும் மந்தமும் கூடலாம். டிஸானிடினுக்கு ரத்த அழுத்தத்தையும் கல்லீரலையும் கவனிக்க வேண்டும். டான்ட்ரோலின் தசையிலேயே வேலை செய்வது, கல்லீரல் பாதிப்பு பயத்தால் அதிகம் கொடுக்கப்படுவதில்லை. டிஸ்டோனியா மேலோங்கி இருந்தால் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், கேபாபென்டின் போன்றவை பேச்சில் வரும்.

படி 6: ஊசி

சில தசைகளில் மட்டும் விறைப்பு தொந்தரவு தருகிறது, சுருக்கம் இன்னும் பெரிதாக இல்லை. பலரும் போடாக்ஸ் என்று சொல்லும் போட்யூலினம் டாக்ஸினுக்கு ஏற்ற குழந்தை இதுதான். நரம்பு முனை தசைக்குச் சொல்லும் செய்தியை இது தடுக்கிறது. சில நாளில் பலன் தெரியத் தொடங்கும், சில வாரங்களில் உச்சம் தொடும், 3 அல்லது 4 மாதத்தில் மங்கிவிடும். நல்ல கைகள் அல்ட்ராசவுண்ட் அல்லது மின்தூண்டல் துணையோடு சரியான தசையைத் தேடிப் போடும். பல தசைகளில் போட வேண்டியிருந்தால் மயக்க மருந்தோ அமைதிப்படுத்தும் மருந்தோ தருவார்கள்.

பலர் ஏமாறும் இடமும் இதுதான். ஊசி குழந்தையை நடக்க வைப்பதில்லை. அந்த மூன்று நான்கு மாதத்தில் பயிற்சியும் ஸ்ப்ளின்டும், தேவைப்பட்டால் மாவுக்கட்டும் தீவிரமாக நடக்க வேண்டும். தேர்வு நேரம், திருமணம், வெளியூர்ப் பயணம் என்று பயிற்சிக்கு வாய்ப்பே இல்லாத மாதத்தில் ஊசி போட்டுக்கொள்வதைவிடத் தள்ளிப்போடுவது மேல்.

3 மாதத்துக்குள் மறுபடி போடக் கூடாது. திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலிகிறது என்ற கவலை அண்மைக் காலத்தில் வலுத்திருப்பதால், பல மருத்துவர்கள் இடைவெளியை இன்னும் நீட்டுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் மருந்து யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல. எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தசை என்பதைக் குறித்து வாங்கி வையுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள்களிலோ வாரங்களிலோ விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத்திணறல், உடல் முழுதும் தளர்ச்சி வந்தால் உடனே அவசரப் பிரிவு. ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படும் நிலை 5 குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

நரம்புக்கு அருகில் ஃபீனால் ஊசி போடும் முறையும் உண்டு. பலன் நீண்டு நிற்கும், விலையும் குறைவு. ஆனால் தொடுவுணர்வும் கடந்து செல்லும் நரம்பில் போட்டால் எரியும் வலி வரலாம் என்பதால் தேர்ந்தெடுத்த நரம்புகளில் மட்டும், பழகிய மருத்துவர் மட்டும்.

படி 7: பேக்லோஃபென் பம்ப்

வாயால் கொடுத்துப் போதாத, உடல் முழுதும் கடுமையான விறைப்புக்கு மருந்தை நேரே தண்டுவட நீருக்குள் செலுத்தும் வழி இது. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப், அங்கிருந்து முதுகெலும்புக்குள் ஒரு மெல்லிய குழாய். வாயால் கொடுக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும் என்பதால் மந்தம் குறையும். முதலில் இடுப்புப் பகுதியில் ஊசி வழியே ஒரு சோதனை அளவு செலுத்திப் பார்ப்பார்கள். பலன் தெரிந்தால்தான் பம்ப்.

பொருத்திவிட்டால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. மாதங்களுக்கு ஒருமுறை ஊசி வழியே மருந்து நிரப்ப வேண்டும், சில ஆண்டுகளில் பேட்டரி தீரும்போது பம்பையே மாற்ற வேண்டும். தொற்று வரலாம், குழாய் மடங்கலாம், கழன்றும் போகலாம். மருந்து திடீரென நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. காரணமில்லாத அரிப்பு, காய்ச்சல், பழைய விறைப்பு பல மடங்காகத் திரும்புதல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிரப்பும் மையம் எட்டாத தொலைவில் இருந்தால் இந்த வழியை எடுக்கும் முன் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

படி 8: நரம்பு வேர் அறுவை

செலக்டிவ் டார்சல் ரைசோடமி. கால்களிலிருந்து தண்டுவடத்துக்குள் வரும் உணர்வு நரம்பு வேர்களின் இழைகளை மின்தூண்டலால் சோதித்து, மிகையாக எதிர்வினை காட்டுவனவற்றில் ஒரு பகுதியை வெட்டுவார்கள். 1980களில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வார்விக் பீகாக் இதைச் செம்மைப்படுத்தியபின் பரவலானது.

கால்களில் விறைப்பு நிரந்தரமாகக் குறையும். நிரந்தரம் என்பதுதான் இதன் பலமும் பயமும், வெட்டியது திரும்பாது. அதனால் தேர்வு கறாராக இருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்து இரு கால்களும் விறைத்த, ஏறத்தாழ 3 முதல் 10 வயதுக்குள் உள்ள, நிலை 2 அல்லது 3இல் உள்ள, டிஸ்டோனியா இல்லாத, கால்களிலும் உடம்பிலும் நல்ல பலமுள்ள, சொன்னதைச் செய்து ஒத்துழைக்கும் குழந்தைக்குத்தான் பலன் அதிகம். விறைப்பு போனதும் உள்ளே மறைந்திருந்த பலவீனம் வெளியே தெரியும். முதல் சில வாரங்களில் குழந்தை முன்பைவிட மோசமாக நிற்பதைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவது வழக்கம். பிறகு ஓராண்டுக்கும் மேலாகத் தீவிரப் பயிற்சி தேவை. அதற்குக் குடும்பத்தில் ஆளும் நேரமும் இருக்கிறதா என்பதும் தகுதிப் பட்டியலில் சேரும்.

படி 9: எலும்பு, தசைநாண் அறுவை

நிலைத்துவிட்ட சுருக்கத்துக்கும் கோணலான எலும்புக்கும் இதுவே வழி. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் இடத்தில் அறுவை செய்வதைவிட, நடை ஆய்வு செய்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் ஒரே முறையில் சரிசெய்வதுதான் இன்றைய நடைமுறை. நடை ஓரளவு முதிர்ந்த பள்ளி வயதில் செய்தால் மீண்டும் செய்ய வேண்டிய தேவை குறையும். இரு கால்களும் பாதித்த சின்னக் குழந்தைக்கு நுனிக்கால் நடையைப் பார்த்துவிட்டுக் குதிகால் நாணை மட்டும் நீட்டிவிட்டால், பின்னாளில் முழங்கால் மடங்கிக் குந்தியபடி நடக்கும் நிலை வரலாம். அதைத் திருத்துவது நுனிக்கால் நடையைத் திருத்துவதைவிடக் கடினம்.

எந்தப் படியில் இருந்தாலும்: இடுப்பு எக்ஸ்ரே

இடுப்பு மூட்டு வலியில்லாமலே மெல்ல நழுவும், வலி வரும்போது காலம் கடந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு நழுவல் இருந்தது. நிலை 1இல் ஒருவருக்கும் இல்லை, நிலை 5இல் 90 சதவீதம். தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் சதவீதமாக அளப்பார்கள். 30ஐத் தாண்டினால் எலும்பு மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஸ்வீடனில் 1994இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம், குறித்த காலத்தில் படம் எடுத்து முன்கூட்டியே தலையிட்டால் இடுப்பு முழுதாகக் கழன்றுபோவதைப் பெருமளவு தடுக்கலாம் என்று காட்டியது. நிலை 3, 4, 5 குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்றால் அடுத்த சந்திப்பில் நீங்களே கேளுங்கள்.

கைக்காசைக் கரைப்பவை

அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை செரிப்ரல் பால்சிக்குப் பலன் தரவில்லை என்று ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வுகளே காட்டிவிட்டன. ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. முறையான ஆய்வில் சேர்க்கும்போது சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள், எனவே பெருந்தொகை கேட்கும் இடத்தைச் சந்தேகியுங்கள். எண்ணெய்த் தேய்ப்பு குழந்தைக்குச் சுகமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். விறைத்த மூட்டை வலுக்கட்டாயமாக முறிப்பதுபோல் இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். எலும்பு மெலிந்த குழந்தைகளுக்கு அது முறிவிலும் முடியும்.

மருத்துவரிடம் போகும்போது

சிகிச்சை எதுவானாலும் கேட்க வேண்டியவை இவை: இது எந்த இலக்குக்காக? எப்போது பலன் தெரியும், எதை வைத்து அளப்பீர்கள்? பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவோம்? பிறகு என்ன பயிற்சி, அதை யார் தருவார்கள்? செய்யாமல் விட்டால் அடுத்த ஓராண்டில் என்ன ஆகும்?

வீட்டில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவே குழந்தை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. அரைக்கால் டவுசரில், வெறுங்காலோடு, முன்னால் இருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, ஸ்ப்ளின்டோடு இன்னொரு முறை எடுத்தால் போதும். நடக்காத குழந்தை என்றால் உடை மாற்றும் நேரத்தையும் உட்கார்ந்திருக்கும் நிலையையும் எடுங்கள். சிகிச்சைக்கு மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள்.